காத்திருக்கும் நாளும் கடவுள் தந்த நாளே

(வானொலியில் ஒலிபரப்பான ஞாயிறு மறையுரைச் சிந்தனை)
திருவருகைக் காலம் 3ஆம் ஞாயிறு – முதலாம் ஆண்டு
வாசகங்கள்: எசாயா 35: 1-6, 10, யாக்கோபு 5: 7-10, மத்தேயு 11: 2-11



மருத்துவமனைக்குப் போய், டோக்கன் வாங்கிக்கொண்டு காத்திருந்த அனுபவம் நம் எல்லாருக்கும் உண்டு. நம் கையில் இருப்பது 87ஆம் எண். மருத்துவரின் அறைக்கு மேலே சிவப்பு விளக்கில் தெரிவதோ 23. மணி அடிக்கும்போதெல்லாம் நிமிர்ந்து பார்க்கிறோம்; 24 என்று மாறியிருக்கிறது. மீண்டும் தலையைக் குனிந்துகொள்கிறோம். அந்த மூன்று மணி நேரத்தை நாம் வாழ்ந்த நேரமாகக் கணக்கில் எடுத்துக்கொள்வதே இல்லை. ‘இன்றைய பொழுது வீணாய்ப் போயிற்று’ என்று சொல்லிக்கொண்டு வீடு திரும்புகிறோம்.

அதே கூடத்தில் வேறு சிலரையும் நாம் பார்த்திருக்கிறோம். முன்பின் அறியாத ஓர் இளம் தாயின் கையிலிருந்து அழும் குழந்தையை வாங்கிக்கொண்டு, ‘நீ போய் ரத்தம் குடுத்துட்டு வாம்மா, நான் பாத்துக்கிறேன்’ என்று சொல்லும் பாட்டி ஒருவர். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவருக்குப் படிவத்தை நிரப்பிக் கொடுக்கும் இளைஞர் ஒருவர். வீட்டிலிருந்து கொண்டுவந்த இட்லியைப் பக்கத்தில் இருப்பவரோடு பகிர்ந்து உண்ணும் பெண் ஒருவர். அவர்கள் கையிலும் டோக்கன் இருக்கிறது. அவர்களும் வலியோடுதான் வந்திருக்கிறார்கள். அவர்களுடைய எண்ணும் மெதுவாகத்தான் வருகிறது. ஆனாலும், அந்தக் காத்திருப்பின் நடுவே அவர்கள் வாழ்கிறார்கள்.

ஒரே கூடத்தில், ஒரே நேரத்தில் நிகழும் இந்த இருவகைக் காத்திருப்பைப் பற்றிச் சிந்திக்க, திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறு நம்மை அழைக்கிறது. இந்த ஞாயிறை, ‘மகிழும் ஞாயிறு’ என்று அழைக்கிறோம். பீடத்தருகே உள்ள மலர்வளையத்தில் இன்று இளஞ்சிவப்பு நிற மெழுகுதிரி ஏற்றப்படுகிறது. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு இன்னும் நாள்கள் இருக்கின்றன, காத்திருப்பு முடியவில்லை. ஆனால், அது முடியும்வரை மகிழ்ச்சியைத் தள்ளிப்போட வேண்டாம் என்று திருஅவை சொல்கிறது.

இப்படிச் சொல்வது எளிது. நம்முடைய காத்திருப்புகள் அவ்வளவு எளிதானவை அல்ல. திருமணமாகி ஆண்டுகள் பல கடந்தும் குழந்தைக்காகக் காத்திருக்கும் தம்பதியர் நம் பங்கில் உண்டு. மகளுக்கு வரன் அமையவில்லையே என்று ஒவ்வொரு செவ்வாயும் புனித அந்தோணியார் நவநாளில் கண்ணீர் விடும் பெற்றோர் உண்டு. படித்து முடித்து, தேர்வுகளை எழுதிவிட்டு, வேலைக்கான அழைப்பை எதிர்பார்த்திருக்கும் இளையோர் உண்டு. வளைகுடா நாட்டிலிருந்து கணவர் விடுப்பில் வரும் நாளை நாட்காட்டியில் குறித்துவைத்திருக்கும் மனைவியர் உண்டு. கடலுக்குச் சென்ற இடத்தில் சிறைபிடிக்கப்பட்ட மீனவரின் வீட்டில், ஒவ்வொரு தொலைபேசி மணிக்கும் ஓடிவரும் பிள்ளைகள் உண்டு. ஸ்கேன் முடிவுக்காக, நீதிமன்றத் தீர்ப்புக்காக, குடியை விட்டுத் திருந்தி வரும் மகனுக்காகக் காத்திருப்போர் உண்டு. இவர்களிடம் போய், ‘மகிழ்ச்சியாய் இருங்கள்’ என்று எப்படிச் சொல்வது?

இந்தக் கேள்வியோடு இன்றைய நற்செய்திக்குள் நுழைவோம். அங்கே நாம் முதலில் சந்திப்பது ஒரு சிறைக்கைதியை. திருமுழுக்கு யோவான் சிறையில் இருக்கிறார். சாக்கடலுக்குக் கிழக்கே, மலையுச்சியில் அமைந்திருந்த மக்கேருஸ் கோட்டையில் ஏரோது அவரை அடைத்து வைத்தான் என்று யூத வரலாற்று ஆசிரியர் ஜோசபஸ் குறிப்பிடுகிறார். பாலைநிலத்தின் திறந்த வானத்தின் கீழ் வாழ்ந்து பழகிய மனிதர், இப்போது நான்கு சுவர்களுக்குள். மரங்களின் வேரருகே கோடரி வைத்தாயிற்று என்றும், வரவிருப்பவர் பதரைத் தீயில் சுட்டெரிப்பார் என்றும் முழங்கியவர் அவர். ஆனால், சிறைக்கு வந்து சேரும் செய்திகளோ வேறுவிதமாய் இருக்கின்றன. கோடரியையும் காணோம், தீயையும் காணோம். இயேசு நோயாளர்களைத் தொடுகிறார், வரிதண்டுவோருடன் பந்தியில் அமர்கிறார். ஏரோது தன் அரியணையில் அப்படியே இருக்கிறான்.

எனவே, யோவான் தம் சீடர்களை அனுப்பிக் கேட்கிறார்: வரவேண்டியவர் நீர்தாமா, அல்லது வேறொருவருக்காக நாங்கள் காத்திருக்க வேண்டுமா? இயேசுவைச் சுட்டிக்காட்டிய அதே விரல், இப்போது நடுங்குகிறது. இந்தக் கேள்வியை நற்செய்தியாளர் மறைக்கவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். மிகப் பெரிய இறைவாக்கினரும் காத்திருந்து களைத்துப்போனார், ஐயத்தோடு கேட்டார். எனவே, செபமாலை செபிக்கும்போது நம் உள்ளத்தில் எழும், ‘ஆண்டவரே, உண்மையிலேயே நீர் கேட்கிறீரா?’ என்ற கேள்விக்காக நாம் வெட்கப்படத் தேவையில்லை. யோவான் செய்த ஒரு செயலை மட்டும் நாமும் செய்தால் போதும். இயேசுவைப் பற்றிய தம் ஐயத்தை அவர் இயேசுவிடமே அனுப்பினார்.

இயேசு கூறிய பதிலையும் சற்று உற்றுநோக்குவோம். பார்வையற்றோர் பார்க்கின்றனர், கால் ஊனமுற்றோர் நடக்கின்றனர், தொழுநோயாளர் நலமடைகின்றனர், காது கேளாதோர் கேட்கின்றனர், இறந்தோர் எழுகின்றனர், ஏழைகளுக்கு நற்செய்தி அறிவிக்கப்படுகிறது. கண்டதையும் கேட்டதையும் யோவானிடம் போய்ச் சொல்லுங்கள் என்கிறார். இறைவாக்கினர் எசாயா முன்னறிவித்தவையே இவை. ஆனால், இந்தப் பட்டியலில் ஒன்று விடுபட்டிருக்கிறது. நாசரேத்துத் தொழுகைக்கூடத்தில், எசாயாவின் சுருளேட்டை எடுத்து இயேசு வாசித்தபோது, சிறைப்பட்டோருக்கு விடுதலை என்ற அறிவிப்பும் அதில் இருந்தது. லூக்கா நற்செய்தி 4ஆம் பிரிவில் அதை நாம் காண்கிறோம். சிறையில் இருக்கும் யோவானுக்கு அனுப்பிய பதிலிலோ, சிறைக்கதவு திறக்கும் என்ற சொல் இல்லை.

யோவானின் காதுகளில் அந்த மௌனம் எப்படி விழுந்திருக்கும்! அவர் விடுதலை பெறவில்லை என்பதை நாம் அறிவோம். ஏரோதின் பிறந்தநாள் விருந்தில் அவர் தலை தட்டில் வைத்துக் கொண்டுவரப்பட்டது. எனவே, ‘பொறுத்திருங்கள், நீங்கள் கேட்டது நிச்சயம் கிடைக்கும்’ என்ற ஆறுதலை இன்றைய நற்செய்தி நமக்குத் தரவில்லை. கடவுளின் ஆட்சி வந்துகொண்டிருக்கிறது, அது உன் சிறைக்கு வெளியேயும் நிகழ்ந்துகொண்டிருக்கிறது, என்னைக் குறித்துத் தளர்ந்துவிடாதே என்ற செய்தியே யோவானுக்குக் கிடைத்தது. சீடர்கள் திரும்பிச் சென்றபின், மனிதராய்ப் பிறந்தவர்களுள் யோவானைவிடப் பெரியவர் எவரும் தோன்றியதில்லை என்று இயேசு கூட்டத்தின் முன் அவரைப் புகழ்கிறார். காத்திருந்து, ஐயமுற்று, கேள்வி கேட்ட மனிதரைப் பற்றி ஆண்டவரின் மதிப்பீடு அது!

அப்படியானால், கதவு திறக்காத அறைக்குள் இருப்பவர் என்னதான் செய்வது? இன்றைய இரண்டாம் வாசகத்தில் யாக்கோபு ஓர் உழவரை நமக்குக் காட்டுகிறார். நிலம் தரும் நற்பலனுக்காக, முன்மழையையும் பின்மழையையும் எதிர்பார்த்து அவர் பொறுமையோடு காத்திருக்கிறார். பாலஸ்தீன நாட்டில் விதைப்புக் காலத்தில், அக்டோபர், நவம்பரையொட்டி வருவது முன்மழை. கதிர் முற்றும் வேளையில், மார்ச், ஏப்ரலையொட்டி வருவது பின்மழை. இவ்விரண்டுக்கும் இடையே மாதங்கள் பல உண்டு. மழையை வரவழைக்க உழவரால் இயலாது. ஆனால், அந்த மாதங்களில் அவர் திண்ணையில் அமர்ந்து வானத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. நம் ஊர் உழவர்களைக் கேட்டாலே தெரியும். நட்ட பிறகு எவ்வளவு வேலை! களை எடுக்க வேண்டும், வரப்பை அடைக்க வேண்டும், தண்ணீர் கட்ட வேண்டும், தேங்கினால் வடிக்க வேண்டும். தம் கையில் இல்லாததைக் கடவுளிடம் விட்டுவிட்டு, தம் கையில் இருப்பதை ஒவ்வொரு நாளும் செய்பவரே நல்ல உழவர். யாக்கோபு சொல்லும் பொறுமை, மண்வெட்டியைக் கையில் பிடித்திருக்கும் பொறுமை.

இதையே ஒரு கடிதமாக எழுதி அனுப்பியவர் இறைவாக்கினர் எரேமியா. கி.மு. 597ஆம் ஆண்டில், பாபிலோனிய மன்னன் நெபுகத்னேசர், எருசலேம் மக்களுள் ஒரு பகுதியினரை நாடு கடத்திச் சென்றான். அவர்கள் அந்நிய மண்ணில், மூட்டையைக்கூட அவிழ்க்க மனமின்றி, ‘எப்போது ஊர் திரும்புவோம்?’ என்று ஏங்கிக்கொண்டிருந்தனர். இரண்டே ஆண்டுகளில் எல்லாம் சரியாகிவிடும் என்று அனனியா என்ற பொய் இறைவாக்கினர் முழங்கினார். மக்களுக்கு அது தேனாக இனித்திருக்கும். எரேமியாவோ எழுபது ஆண்டுகள் ஆகும் என்றார். அந்த எழுபது ஆண்டுகளையும் எப்படிக் கழிப்பது? வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டு அதன் பலனை உண்ணுங்கள், திருமணம் செய்து பிள்ளைகளைப் பெற்றெடுங்கள், நீங்கள் இருக்கும் அந்த நகரின் நலனை நாடி அதற்காக மன்றாடுங்கள் என்று கடிதத்தில் அறிவுறுத்தினார்.

இந்தக் கடிதம் எரேமியா நூலின் 29ஆம் பிரிவில் இருக்கிறது. அதன் 11ஆம் வசனம் நம்மில் பலர் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. நமக்காகத் தாம் வகுத்திருக்கும் திட்டங்கள் நன்மைக்கானவை, அவை எதிர்காலத்தையும் நம்பிக்கையையும் தருபவை என்று ஆண்டவர் உறுதியளிக்கும் வசனம் அது. அந்த வசனத்தை மனப்பாடமாகச் சொல்லும் நாம், அதற்கு ஆறு வசனங்கள் முன்னால் உள்ள, ‘தோட்டம் போடுங்கள்’ என்ற கட்டளையைப் பெரும்பாலும் கடந்து போய்விடுகிறோம். வாக்குறுதியும் கட்டளையும் ஒரே கடிதத்தில்தான் வந்தன. எழுபது ஆண்டுகளுக்குப் பின் வரும் விடுதலையை நம்புபவர், இந்த ஆண்டு கத்தரியும் வெங்காயமும் நடத் தயங்க மாட்டார்.

அன்புக்குரியவர்களே, இதெல்லாம் விவிலியக் காலத்துக் கதை என்று நாம் நினைத்துவிடக் கூடாது. நம் காலத்தில், நம் ஆசியக் கண்டத்தில், இந்த மறையுரையைத் தன் வாழ்வால் எழுதிய ஒருவர் இருந்தார். வியட்நாம் நாட்டைச் சேர்ந்த கர்தினால் பிரான்சிஸ் சேவியர் நுயென் வான் துவான் அவர்களே அவர்.

1928ஆம் ஆண்டு பிறந்த இவர், 1967இல் நா ட்ராங் மறைமாவட்டத்தின் ஆயரானார். குருமடங்களை வளர்ப்பது, பொதுநிலையினரைப் பயிற்றுவிப்பது என்று எட்டு ஆண்டுகள் ஓய்வின்றி உழைத்தார். 1975ஆம் ஆண்டு ஏப்ரல் மாத இறுதியில், திருத்தந்தை 6ஆம் பவுல் அவரை சாய்கோன் உயர்மறைமாவட்டத்தின் வாரிசு பேராயராக நியமித்தார். சில நாள்களிலேயே சாய்கோன் நகரம் கம்யூனிசப் படைகளின் கைக்குச் சென்றது. அதே ஆண்டு ஆகஸ்ட் 15, அன்னை மரியாவின் விண்ணேற்புப் பெருவிழா அன்று, அவர் கைது செய்யப்பட்டார். வழக்கு விசாரணை இல்லை, தீர்ப்பு இல்லை. எனவே, எத்தனை ஆண்டு என்ற கணக்கும் இல்லை. தண்டனைக் காலம் தெரிந்த கைதி நாள்களை எண்ணலாம். இவரால் அதுவும் முடியாது.

காவல்துறை வாகனத்தில் சாய்கோனிலிருந்து நானூறு கிலோமீட்டருக்கும் மேல் கொண்டுசெல்லப்பட்ட அந்தப் பயணத்தில், அவருக்கு ஒருவரின் நினைவு வந்தது. சீனாவில் 12 ஆண்டுகள் சிறைவைக்கப்பட்டிருந்த வால்ஷ் என்ற ஆயர், தன் வாழ்வில் பாதியைக் காத்திருப்பதிலேயே கழித்துவிட்டதாகச் சொல்லியிருந்தார். கைதிகள் எல்லாரும் விடுதலைக்காகத்தான் ஒவ்வொரு நிமிடமும் காத்திருக்கிறார்கள் என்று வான் துவான் எண்ணிப் பார்த்தார். பின்னர் ஒரு முடிவுக்கு வந்தார். விடுதலை நாளுக்காகக் காத்திருந்து காலத்தைக் கழிக்கப்போவதில்லை. இப்போது கையில் இருக்கும் நொடியை அன்பால் நிரப்பி வாழப்போகிறேன். இதுவே அவர் முடிவு.

முடிவெடுப்பது ஒன்று; அதை வாழ்வது வேறு. வீட்டுக்காவலில் இருந்த தொடக்க நாள்களில், தன் மக்களைப் பிரிந்த வேதனை அவரை வாட்டியது. திருத்தூதர் பவுல் சிறையிலிருந்து மடல்கள் எழுதியது அவர் நினைவுக்கு வந்தது. 1975 அக்டோபரில் ஒரு நாள், அவ்வழியே திருப்பலி முடிந்து திரும்பிய ஏழு வயதுச் சிறுவனை அழைத்து, பழைய நாட்காட்டித் தாள்களைக் கொண்டுவரச் சொன்னார். ஒவ்வோர் இரவும் அந்தத் தாள்களின் பின்பக்கத்தில் இறைமக்களுக்குச் சிறு சிறு சிந்தனைகளை எழுதினார். காலையில் அந்தச் சிறுவன் அவற்றை வீட்டுக்கு எடுத்துச் செல்வான். அவனுடைய அண்ணனும் அக்காவும் அவற்றைப் படியெடுப்பார்கள். இப்படி உருவான 1,001 சிந்தனைகள், ‘எதிர்நோக்கின் பாதை’ என்று பொருள்படும் தலைப்பில் நூலாக வெளிவந்து, பல மொழிகளில் வாசிக்கப்படுகின்றன. கிழிந்துபோன நாள்களின் தாள்களில்தான் அந்த எதிர்நோக்கு எழுதப்பட்டது!

அதன்பின் வந்தது தனிமைச் சிறை. சிறைவாசத்தின் 13 ஆண்டுகளில் ஒன்பது ஆண்டுகள் அவர் தனிமையில் அடைக்கப்பட்டிருந்தார். சன்னல் இல்லாத, வெப்பம் மிகுந்த ஓர் அறையில், தரையை ஒட்டியிருந்த சிறு துளையருகே முகம் வைத்து மூச்சு வாங்க வேண்டியிருந்தது. உடல் தளர்ந்து, செபிக்கவும் இயலாத நாள்கள் தனக்கு இருந்தன என்பதை அவரே பின்னர் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். நாற்பத்தெட்டு வயது, அனுபவமும் ஆற்றலும் நிறைந்த பருவம். தொடங்கிய பணிகள் எல்லாம் பாதியில் நிற்கின்றன. ‘ஆண்டவரே, உமது பணியைச் செய்ய வேண்டிய என்னை ஏன் இங்கே கட்டிப்போட்டிருக்கிறீர்?’ என்ற வேதனையில் அவர் தவித்த ஓர் இரவில், உள்ளத்தின் ஆழத்தில் ஒரு தெளிவு பிறந்தது. கடவுள் வேறு, கடவுளுக்காக நாம் செய்யும் பணிகள் வேறு. பள்ளிகளும், குருமடங்களும், மறைப்பணித் திட்டங்களும் கடவுளுடைய பணிகள். அவை கடவுள் அல்ல. அவற்றை அவர் திரும்பக் கேட்டால் கொடுத்துவிடலாம். அவரைத் தேர்ந்துகொள்வதற்கோ இந்த அறையே போதும்.

இந்த வேறுபாடு நமக்கும் மிகத் தேவையானது. வேலை, திருமணம், குழந்தை, உடல்நலம் எல்லாம் கடவுளின் கொடைகள். அவற்றுக்காக ஏங்குவதும் மன்றாடுவதும் தவறே இல்லை. ஆனால், ‘அது கிடைத்தால்தான் கடவுள் என்னோடு இருக்கிறார்’ என்று எண்ணும்போது, கொடையைக் கொடுப்பவரின் இடத்தில் வைத்துவிடுகிறோம். கொடை இன்னும் வரவில்லை. கொடுப்பவரோ ஏற்கெனவே வந்து நம் அருகில் அமர்ந்திருக்கிறார்.

வான் துவான் தன் அறையில் கையில் இருந்ததைக் கொண்டு வாழத் தொடங்கினார். ‘வயிற்று வலிக்கு மருந்து அனுப்புங்கள்’ என்று தன் மக்களுக்கு எழுதினார். அவர்கள் புரிந்துகொண்டு, மருந்து என்று எழுதிய சிறு புட்டியில் திராட்சை இரசத்தை அனுப்பினர். அப்பங்களை டார்ச் விளக்குக்குள் மறைத்து அனுப்பினர். மூன்று துளி இரசம், ஒரு துளி தண்ணீர். உள்ளங்கையே கிண்ணம், உள்ளங்கையே பீடம். இப்படி அவர் திருப்பலி நிறைவேற்றினார். பிற கைதிகளோடு முகாமில் இருந்தபோது, விளக்கணைந்தபின் திருப்பலி நிகழும். நற்கருணையைச் சிகரெட் பெட்டியின் தாளில் சுற்றி மற்றவர்களுக்கு அனுப்புவார்கள்.

சிறைக்காவலர்கள் அவரோடு பேசக்கூடாது என்பது விதி. அவர் புன்னகைத்தார்; தான் பார்த்த நாடுகளைப் பற்றிச் சொன்னார்; கேட்டவர்களுக்கு ஆங்கிலமும் பிரெஞ்சும் கற்றுக்கொடுத்தார். காவலர்கள் அவரால் மனம் மாறிவிடக் கூடாது என்று இரு வாரங்களுக்கு ஒருமுறை அவர்களை மாற்றினர். பிறகு மாற்றுவதையே நிறுத்திவிட்டனர். இப்படியே போனால், எல்லாக் காவலர்களும் கெட்டுப்போவார்கள் என்று மேலதிகாரிகள் அஞ்சினார்களாம்! ஒரு காவலர் மரத்துண்டு ஒன்றை வெட்டிச் சிலுவை செய்துகொள்ள அனுமதித்தார்; அதைச் சோப்புக்கட்டிக்குள் மறைத்து வைத்திருந்தார் வான் துவான். வேறொரு சிறையில், மின்கம்பியிலிருந்து சங்கிலி செய்யக் காவலர் ஒருவரே உதவினார். பின்னாளில் ஆயருக்குரிய சிலுவையாக அவர் மார்பில் அணிந்திருந்தது அந்த மரச் சிலுவையைத்தான்.

1988ஆம் ஆண்டு நவம்பர் 21, அன்னை மரியாவைக் கோவிலில் காணிக்கையாக அளித்த விழாவன்று அவர் விடுதலை பெற்றார். ஒரு மரியன்னை விழாவில் மூடிய கதவு, 13 ஆண்டுகள் கழித்து இன்னொரு மரியன்னை விழாவில் திறந்தது. ஆனால், அவர் ஏங்கியது நிறைவேறியதா? சாய்கோன் மக்களுக்கு ஆயராகப் பணியாற்ற அவருக்கு அனுமதி கிடைக்கவே இல்லை. 1991இல் நாட்டை விட்டு வெளியேறி உரோமைக்குச் சென்றவர், தாய்மண்ணுக்குத் திரும்ப முடியாமல் 2002ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் நாள் அங்கேயே இறைவனடி சேர்ந்தார். இடையில், 2000ஆம் ஆண்டு திருத்தந்தை 2ஆம் யோவான் பவுலுக்கும் வத்திக்கான் அதிகாரிகளுக்கும் தவக்காலத் தியானம் வழங்கினார். 2001இல் கர்தினாலாக உயர்த்தப்பட்டார். திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட், எதிர்நோக்கைக் குறித்து 2007ஆம் ஆண்டு எழுதிய சுற்றுமடலில் இவரைச் சான்றாக நினைவுகூர்ந்தார். 2017இல் திருஅவை இவரை ‘வணக்கத்துக்குரியவர்’ என்று அறிவித்தது. அவர் கேட்ட கதவு ஒன்று; கடவுள் திறந்த கதவு வேறொன்று. எந்தக் கதவும் திறக்காமல் இருந்த அந்த 13 ஆண்டுகளையே இன்று உலகம் நன்றியோடு நினைக்கிறது.

அன்பார்ந்தோரே, இங்கே நாம் ஓர் எச்சரிக்கையையும் கேட்டாக வேண்டும். ‘பொறுமையாய் இருங்கள்’ என்ற சொல்லை, வலிமையுள்ளவர்கள் வலிமையற்றவர்களிடம் சொல்லித் தப்பித்துக்கொள்வதுண்டு. யாக்கோபு அப்படிச் சொல்லவில்லை. பொறுமையைப் பற்றிப் பேசுவதற்குச் சற்று முன்பு, அதே 5ஆம் பிரிவின் 4ஆம் வசனத்தில், வயலில் அறுவடை செய்த வேலையாள்களுக்குக் கூலி கொடுக்காமல் பிடித்துவைத்த செல்வரை அவர் கடுமையாகக் கண்டிக்கிறார். அந்தக் கூலியே கூக்குரலிடுகிறது, அறுவடை செய்தோரின் கூக்குரல் ஆண்டவரின் செவிகளை எட்டியிருக்கிறது என்கிறார். மழைக்காகக் காத்திருப்பது இயற்கை. கொடுக்க வேண்டிய கூலிக்காக ஒருவரைக் காக்கவைப்பது பாவம்.

எனவே, ‘நான் எதற்காகக் காத்திருக்கிறேன்?’ என்ற கேள்வியோடு, ‘என்னால் யார் காத்திருக்கிறார்?’ என்ற கேள்வியையும் இந்தத் திருவருகைக் காலத்தில் கேட்போம். நம் வீட்டில் வேலை செய்யும் அம்மாவின் சம்பளம், ‘அடுத்த வாரம் பார்க்கலாம்’ என்று தள்ளிப்போகிறதா? வாங்கிய கைமாற்றைத் திருப்பித் தராமல் யாரையாவது அலையவைக்கிறோமா? சொத்துப் பிரச்சினையில் பேச்சை நிறுத்திய அண்ணனோ தங்கையோ நம் ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கிறார்களா? ஊரில் இருக்கும் வயதான தாய், ஞாயிறு மாலை நம் தொலைபேசி அழைப்புக்காகக் காத்திருக்கிறாரா? கடவுள் எப்போது முடித்துவைப்பார் என்று நமக்குத் தெரியாத காத்திருப்புகள் உண்டு. ஆனால், இன்றைக்கே, நாமே முடித்துவைக்கக்கூடிய காத்திருப்புகளும் உண்டு. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முன் அவற்றில் ஒன்றையாவது முடித்துவைப்பது, குடிலுக்கு நட்சத்திரம் கட்டுவதைவிடச் சிறந்த தயாரிப்பு அல்லவா?

நாமே காத்திருப்போராக இருந்தால், மூன்று சிறு முயற்சிகளை இந்த வாரம் மேற்கொள்வோம்.

முதலாவதாக, யோவானைப்போல, நம் கேள்வியை ஆண்டவரிடமே எடுத்துச் செல்வோம். அழகான சொற்கள் தேவையில்லை. நற்கருணைப் பேழையின் முன் அமர்ந்து, ‘ஆண்டவரே, களைத்துப்போனேன்’ என்று சொன்னாலும் அது செபமே.

இரண்டாவதாக, நல்ல உழவரைப்போல, இன்றைக்குரிய வேலையை இன்று செய்வோம். ‘அது நடந்த பிறகு’ என்று நாம் ஒத்திவைத்தவை எத்தனை! வேலை கிடைத்த பிறகு பாடகர் குழுவில் சேரலாம், குழந்தை பிறந்த பிறகு உறவினர் வீட்டு விசேடத்துக்குப் போகலாம், வழக்கு முடிந்த பிறகு வீட்டில் சிரித்துப் பேசலாம் என்று தள்ளிவைத்தவற்றில் ஒன்றை இந்த வாரமே தொடங்குவோம். சிலருக்கு, அந்த வீட்டுக்குப் போவதே வலியாக இருக்கலாம். அவர்கள் தங்களை வருத்திக்கொள்ள வேண்டாம். தங்களால் இயன்ற ஒரு செடியை நட்டால் போதும்.

மூன்றாவதாக, அன்னை மரியாவைப்போல, காத்திருக்கும் இன்னொருவரைத் தேடிச் செல்வோம். வானதூதரின் சொல்லைக் கேட்டு, மகனின் பிறப்புக்காகக் காத்திருந்த மரியா, மலைநாட்டுக்கு விரைந்து சென்றார். அங்கே, முதிர்ந்த வயதில் கருவுற்றிருந்த எலிசபெத்தோடு ஏறத்தாழ மூன்று மாதங்கள் தங்கினார். காத்திருக்கும் இருவர் ஒருவருக்கொருவர் துணையானார்கள். அந்த வீட்டில்தான், இன்று சிறையில் நாம் கண்ட யோவான், தாயின் வயிற்றில் மகிழ்ச்சியால் துள்ளினார். மகிழும் ஞாயிறின் மகிழ்ச்சி, காத்திருக்கும் இரு பெண்கள் சந்தித்த அந்த வீட்டு வாசலில் தொடங்கியது.

மருத்துவமனைக் கூடத்துக்கே மீண்டும் வருவோம். நம் கையில் இருக்கும் எண் எப்போது அழைக்கப்படும் என்று நமக்குத் தெரியாது. பக்கத்து இருக்கையில் ஒரு குழந்தை அழுகிறது என்பது மட்டும் தெரியும். அந்தக் குழந்தையை வாங்க நாம் கைகளை நீட்டும்போது, வரவேண்டியவர் அங்கே ஏற்கெனவே வந்துவிட்டார்.

நாம் மன்றாடுவோம்:

காலத்தின் ஆண்டவரே, எம் காத்திருப்புகளை நீர் அறிவீர். நாங்கள் கேட்பவை எங்களுக்கு நன்மையானால் அவற்றைத் தந்தருளும். அவை தாமதித்தாலும், வாராமலே போனாலும், எம்மைக் கைவிடாதேயும். நீர் தரும் ஒவ்வொரு நாளையும் வாழத் துணிவைத் தாரும். எம்மால் காத்திருப்போரை இன்றே நாடிச் செல்லும் மனத்தைத் தாரும். மருத்துவமனைகளிலும், சிறைகளிலும், முகாம்களிலும், கடற்கரைகளிலும் காத்திருக்கும் எம் சகோதரர், சகோதரிகள் அனைவரையும் உம் கரத்தில் தாங்கியருளும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.